மேசையில் விரித்த வரைபடம்

ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் குற்றாலம் போகிறோம். இன்று புத்தகக்கடையில் சாலை வரைபடம் கேட்டேன்.

கடைக்கார அண்ணாச்சி தூசி தட்டி ஒன்றை எடுத்தார். அதில் தென்காசி மாவட்டமே இல்லை.

“இது பழசுல்லா அண்ணாச்சி?”

“மாவட்டத்தப் பிரிச்சா அருவி எடம் மாறிருமாக்கும்? போனைப் பாத்துப் போன எங்க மச்சான் உப்பளத்துக்குள்ள போயில்லா நின்னான். எடுத்துட்டுப் போங்கம்மா.”

வாங்கிவிட்டேன்.

வழி எனக்கே தெரியும். வீட்டில் இப்போது பேச்சு குறைவு. வரைபடத்தின் மேல் இருவரும் குனிந்தால், எங்கெங்கே நிற்கலாம் என்று கொஞ்ச நேரம் பேசலாமே என்றுதான் வாங்கினேன்.

சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அவர் வந்தார், குனிந்தார், போனில் ஒரு படம் எடுத்தார்.

“போதும், மடிச்சு வச்சிரு” என்றார்.

படமெடுக்க முடியாத வரைபடம் எந்தக் கடையில் கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.