லூர்துராணி நடக்காத நாலு கிலோமீட்டர்

என் மகன் சித்தார்த்தனை முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஒரே மத்தியானத்தில் திட்டித் தீர்த்தார்கள். அவன் செய்த குற்றம், அவனுடைய மாமியார் ரோட்டில் நடந்து போனதுதான்.

மாமியார் பெயர் லூர்துராணி. எனக்குச் சம்பந்தியம்மா. பாலக்கரையில் வீடு. வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து, பாதி வயதிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்து, இருந்த ஒரே மகள் பெலிண்டாவைப் படிக்க வைத்தார். வலியில் துடிக்கிற ஊரார் பெண்களுக்கெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னவர். தன் மகளுக்கு இரண்டு தடவை கரு கலைந்தபோது மட்டும் சொல்ல வார்த்தை கிடைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது தடவையும் இடையில் ரத்தப்போக்கு கண்டது. அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டாராம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால், ஞானஸ்நானத்துக்கு முன்னால் திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்குத் தனியாக நடந்து வருகிறேன், ஒரு சக்கரத்திலும் ஏற மாட்டேன் என்று.

பிறந்தாள் எங்கள் பேத்தி. என்ன நிறம், என்ன முடி, என்ன கோபம்! கொட்டாவி விடுவதுகூட அவள் விட்டால்தான் அழகு. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தக் கதை முடியாது.

தை மாதம், ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு லூர்துராணி கிளம்பினார். சித்தார்த்தனின் பழைய ஆபீஸ் பையை முதுகில் மாட்டிக்கொண்டார். உள்ளே மாற்றுப்புடவை, டார்ச், தைலம், புளிசாதம், மாதா காலடியில் வைப்பதற்குப் பேத்தியின் முதல் சட்டை. பெலிண்டாவையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள நானும் என் சம்சாரம் அனுசுயாவும் லால்குடியிலிருந்து வந்து பாலக்கரையில் தங்கிவிட்டோம்.

"செங்கிப்பட்டியில எங்க ஆஸ்பத்திரி நர்ஸ் வீடு இருக்கு அண்ணே. ராத்திரி அங்க படுத்துக்குவேன். நீங்க பிள்ளைய மட்டும் பாருங்க. ஓயாம தூக்கி வச்சிக்கிட்டே இருக்காதீங்க, மடிப் பழக்கம் வந்துரும்" என்று என்னை மிரட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் பிள்ளை என் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. போனில் எங்கள் ஊர் வாட்ஸப் குரூப்பில் ஒரு படம் வந்தது. பாலத்துக் கட்டையில் சம்பந்தியம்மா செருப்பில்லாமல் உட்கார்ந்து, இலையில் வைத்துப் புளிசாதம் சாப்பிடுகிறார். கீழே எழுதியிருந்தது: 'நடுரோட்டில் வீசப்பட்ட தாய். இவரைத் துரத்திய பிள்ளைகளே, உங்களுக்கு இதயம் இருக்கிறதா? அதிகம் பகிரவும்.'

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைப் படிக்க அது போதும். அதற்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படிக்கத்தான் எனக்குத் தெம்பில்லை. பிள்ளைகளுக்குப் புழு வைக்குமாம், நாசமாய்ப் போவார்களாம். என் மடியில் தூங்குகிற குழந்தையின் அப்பனுக்கும் அம்மாவுக்கும் இந்தச் சாபம்.

படத்தின் ஓரத்தில், மீட்டவர்கள் என்று ஒரு முதியோர் இல்லத்தின் பெயர் இருந்தது. தஞ்சாவூர் ரோட்டில், துவாக்குடி தாண்டி. பிள்ளையை அனுசுயாவிடம் கொடுத்துவிட்டு டிவிஎஸ்ஸை மிதித்தேன்.

இல்லத்து கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. வராந்தா நாற்காலியில் சம்பந்தியம்மா பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. வெயிலால் அல்ல.

மேனேஜர் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். "நீங்கதான் வீட்டுக்காரரா? வயசான காலத்துல பொம்பளைய இப்பிடி அலைய விடுறீங்களே, நியாயமா?"

"நான் சம்பந்திங்க. அவங்கள யாரும் அலைய விடல. வேளாங்கண்ணிக்கு நடந்து போறாங்க."

"அவங்களும் அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்றாங்க" என்றான் பக்கத்தில் நின்ற பையன். பாலு என்று பெயர், சம்பந்தியம்மாவை இல்லத்து வேனில் ஏற்றி வந்தவன், படம் எடுத்ததும் அவன்தான். "வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட்ல தானங்க நடப்பாங்க? காவி கட்டிக்கிட்டு, கூட்டமா, சப்பரம் வச்சிக்கிட்டு. தைப்பூசத்துக்குப் பழனி போறவங்கன்னா திண்டுக்கல் ரோடு. தை மாசத்துல இந்த ரோட்டுல ஒத்தையா யாருங்க நடப்பா? ஞாபகம் தப்பிருச்சுன்னு நெனச்சோம். பிள்ளைங்க நம்பரக் கேட்டாலும் குடுக்கல."

சம்பந்தியம்மா வெடித்தார். "எதுக்குடா குடுக்கணும்? சோறு தின்னுக்கிட்டு இருந்தவள ரெண்டு பேர் கையப் புடிச்சுத் தூக்கி வேன்ல போடுவீங்க, நான் நம்பர் சொல்லணுமா? பையத் தொறந்து பாத்துட்டுப் பச்சப்புள்ள சட்டை எங்க திருடுனதுன்னு கேக்குறான் அண்ணே, இவன்! என் பேத்தி சட்டைய!"

நான் பாலுவின் பக்கம் திரும்பினேன். "ஏன்யா, ஒரு ஆம்பள தோள்ல பையப் போட்டுக்கிட்டு ஊர் ஊரா நடந்தா வீடியோ போட்டுக் கொண்டாடுறீங்க. பொம்பள நடந்தா பைத்தியமா? எம் மவன் என்ன பண்ணுனான்? ஊரே காறித் துப்புது! மொதல்ல அந்தப் படத்த எடு."

பாலு போனை எடுத்து அழித்தான். அழித்து என்ன? அது போன இடமெல்லாம் இவன் போய் அழிப்பானா?

மேனேஜர் கொஞ்சம் இறங்கி வந்தார். கேட்டைத் திறந்துவிட்டார். "தப்பு நடந்துருச்சு. மன்னிச்சுக்குங்கம்மா. நீங்க போற வழிதானே இது? வேன்ல வந்த நாலு கிலோமீட்டர் மிச்சம்னு நெனச்சுக்கிட்டு இங்கேருந்தே நடங்க."

சம்பந்தியம்மா எழுந்தார். அதுவரை கத்தியவர், அப்போது குரலை உயர்த்தவே இல்லை.

"நான் நடக்காத ரோட்ட எனக்கு மிச்சம்னு குடுக்குறீங்களா? ரெண்டு தடவ பறிகொடுத்துட்டு மூணாவதா வாங்குன பிள்ளை அது. அதுக்கு நான் நாலு கிலோமீட்டர் பொய் சொல்லவா? எங்க என் காலத் தூக்குனீங்களோ, அங்க கொண்டுபோய் வைங்க."

"சக்கரத்துல ஏறக்கூடாதே சம்பந்தியம்மா?" என்றேன் மெதுவாக.

"முன்னால போறதுக்குத்தான் ஏறக்கூடாது அண்ணே. இவங்க தூக்கியாந்தத இவங்களே திருப்பி விடட்டும். மாதாவுக்குக் கணக்குத் தெரியும்."

பாலு வேனை எடுத்தான். நான் பின்னால் டிவிஎஸ்ஸில் போனேன். வேன் ஓரிடத்தில் நின்றது. "இங்கதாம்மா."

"இங்க இல்ல. இன்னும் பின்னால போ."

இன்னொரு இடத்தில் நின்றது. "இன்னும்."

கடைசியில் பாலத்துக் கட்டை வந்தது. பாதிச் சோற்றோடு இலை கீழே கிடந்தது, எறும்பு மொய்த்திருந்தது. சம்பந்தியம்மா அதைப் பார்த்தார். பிறகு வேனிலிருந்து ஒரு காலை இலைக்குப் பக்கத்தில் ஊன்றி இறங்கினார். பையை முதுகில் சரிசெய்துகொண்டார்.

பாலு தலையைச் சொறிந்தான். "சாரிம்மா. நல்லது பண்றதா நெனச்சேன்."

"அடுத்த தடவ நல்லது பண்ணும்போது மொதல்ல கேட்டுட்டுப் பண்ணு, தம்பி."

அப்புறம் என்னைப் பார்த்தார். "அண்ணே, பின்னாடியே வரக்கூடாது. தனியாத்தான் வேண்டியிருக்கேன்."

"வரல, வரல" என்றேன். பின்னால்தானே வரக்கூடாது. முன்னால் போய், இல்லத்துக்கு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். மனசு ஆறவில்லை. டீ சொல்லிவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும்போது வந்தார். லாரிகள் புழுதியை அள்ளி வீசிவிட்டுப் போக, ரோட்டோரமாக, கையில் ஜெபமாலையோடு, கொஞ்சம் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். இல்லத்து கேட்டில் மேனேஜர் நின்றிருந்தார்.

"அம்மா, இருட்டப் போவுது. உள்ள வந்து ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்க."

சம்பந்தியம்மா நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னார்: "வரும்போது பஸ்லதான் வருவேன். அப்ப எறங்கிக் குடிக்கிறேன். கேட்டப் பூட்டாம வைங்க."