நாலாம் ரோலில் செத்துப்போன கேப்டன்

1. பெட்டி வராத காலை

டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். படப்பெட்டி இன்னும் வரவில்லை. முந்தின நாள் ராஜபாளையத்தில் ஓடிய பெட்டி, விடிகாலை பஸ்ஸில் தென்காசிக்கு வந்திருக்க வேண்டும். நான் இரண்டு மெஷினையும் துடைத்து, ஆர்க் லாம்பில் வெளிச்சத்துக்கு எரிகிற கார்பன் குச்சிகளை மாட்டிவிட்டு, ஓட்டுவதற்குப் படம் இல்லாமல் கேபினில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, ஆபரேட்டர் என்று ஒருவன் இருக்கிறானா என்றே படம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எண்பதுகளின் நடுவில் அப்படி இல்லை. படம் ஒரு நொடி துள்ளினால் போதும், என் தாயாரையும் சேர்த்து விசாரிப்பார்கள்.

எங்கள் தியேட்டரில் ஞாயிறு காலை மட்டும் இங்கிலீஷ் படம். மற்ற ஆறு நாளும் நான் பிழைப்புக்காகப் படம் ஓட்டினேன் என்றால், ஞாயிறு காலை எனக்காக ஓட்டினேன். அதிலும் விண்வெளிப் படம் என்றால் கேபின் துவாரத்தில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவேன். ஒரு வார்த்தை புரியாது. அது ஒரு குறையாகவும் தெரிந்ததில்லை.

அந்த ஆடி மாதம் மேனேஜர் சுப்பையா அண்ணாச்சி ஒரு சேதி கொண்டுவந்திருந்தார். "வே, மொதலாளி கோவமா இருக்காரு. சீசன்ல ஞாயித்துக்கிழமை காலையில ஊரே அருவியில கெடக்கு. இங்கன பெஞ்சுதான் படம் பாக்குது. கூட்டம் வரலேன்னா இந்த மாசத்தோட மார்னிங் ஷோவ நிப்பாட்டச் சொல்லிட்டாரு."

நியாயமான கோபம்தான். சாரல் விழுகிற ஞாயிறன்று குற்றாலம் போகாமல் இருட்டுக்குள் உட்கார ஒரு தனிக் கிறுக்கு வேண்டும். அந்தக் கிறுக்கு எங்கள் ஊரில் கொஞ்சம் பேருக்குத்தான் இருந்தது.

படம் ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில் பெட்டி வந்து சேர்ந்தது. ஆறு ரோல். எப்போதும் நான் ஒவ்வொரு ரோலையும் கையால் சுற்றிச் சரிபார்த்துத்தான் மெஷினில் ஏற்றுவேன். அன்று அதற்கு நேரமில்லை. ரோல்களின் தலைப்பகுதியில் எண் எழுதிய துண்டு பாதி கிழிந்திருந்தது. ரோல் டப்பாக்களின் மேல் யாரோ சாக்பீஸில் எழுதியிருந்த எண்ணை நம்பி வரிசையாக ஏற்றினேன்.

படம் இதுதான். ஒரு கப்பலில் சில பேர் தூரத்துக் கிரகம் ஒன்றுக்குப் போகிறார்கள். நரைத்த தாடி வைத்த கேப்டன் ஒருவர். இடைவேளை விட்டு நாலாம் ரோலில் அவருக்கு நோய் கண்டு செத்துப்போகிறார். உடலை ஒரு பெட்டியில் வைத்து, கதவைத் திறந்து இருட்டுக்குள் விட்டுவிடுகிறார்கள். பெட்டி சுழன்று சுழன்று சிறுத்துக் காணாமல் போகிறது. ஐந்தாம் ரோலில் கப்பல் கிரகத்தில் இறங்குகிறது. சிவப்பு மண். புழுதி அடங்கியதும் அங்கே தனியாக ஒரு ஆள் நிற்கிறார். அதே கேப்டன்.

எனக்கு முழங்கை வரை புல்லரித்துவிட்டது. கீழே அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. வில்லனின் மீசை மாறியிருந்தால்கூட விசிலடிக்கிற ஜனம் அது. செத்தவன் எழுந்து வந்து நிற்கிறான், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. விண்வெளி என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆறாம் ரோலில் கப்பல் கேப்டன் இல்லாமல் பூமிக்குத் திரும்புகிறது. செத்தவர் தனக்கான இடத்தில் தங்கிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஷோ முடிந்து ரோல்களைத் திருப்பிச் சுற்றும்போதுதான் கண்ணில் பட்டது. நாலாம் ரோல் என்று நான் ஓட்டியதன் வால் பகுதியில் பிலிமிலேயே கீறி எழுதியிருந்தது, ஐந்து என்று. மற்றதில் நாலு. டப்பா மாறிவிட்டிருந்தது. உண்மையான படத்தில் கேப்டன் முதலில் கிரகத்தில் இறங்கி நிற்கிறார், பிறகு சாகிறார். அவ்வளவுதான் கதை.

2. டீக்கடையில் நடந்த விசாரணை

மார்னிங் ஷோ விட்டதும் எதிர் டீக்கடையில் ஒரு சின்னக் கூட்டம் கூடும். அதற்கு அப்போது இரண்டு தூண்கள். ஒருவர் ஸ்டெல்லா டீச்சர். இலத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவார், பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுப்பவர். பொம்பளை டீக்கடையில் நிற்கிறாளே என்று பார்த்தவர்களை அவர் திரும்பிப் பார்த்த பார்வையில், அப்புறம் ஒருவரும் பார்ப்பதில்லை. இன்னொரு தூண் டேவிட்ராஜ். குவைத்தில் ஏசி மெக்கானிக், லீவில் ஊருக்கு வந்திருந்தான். வாய்ப்பந்தல் போடுவதில் அவனுக்கு இணை கிடையாது.

நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இறங்கிப் போனேன்.

"டீச்சர், கேப்டன் செத்தாம்லா. பொறவு எப்பிடி அங்கன போயி நின்னான்?" என்று டேவிட்ராஜ் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பெட்டி கப்பல விட வேகமாப் போயிருக்கும். முன்னாலயே எறங்கிருப்பாரு" என்றார் டீச்சர்.

"எறங்கினது சரி. உசிரு?"

"அந்த மண்ணுக்கு அப்பிடி ஒரு குணம் இருக்கும் டேவிட். நமக்குத் தெரிஞ்சது இந்த ஒரு பூமிதான. இத வச்சு எல்லாத்தையும் அளக்க முடியுமா?"

அந்தப் பதிலைக் கேட்டு டீ ஆற்றுகிறவர் டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். டேவிட்ராஜ் விடவில்லை. "நான் ஒண்ணு சொல்லுதேன். குவைத்துலருந்து வீடியோ கேம் கொண்டாந்திருக்கேன். டிவியில மாட்டி ஆடுதது. அதுல நம்ம கப்பல் வெடிச்சிட்டுன்னா திரும்ப வரும். மூணு உசிரு. கேப்டனுக்கும் அப்பிடி ஒரு கணக்கு இருக்கும்."

இவ்வளவு அழகாக யோசிக்கிறவர்களிடம் டப்பா மாறிவிட்டது என்று எப்படிச் சொல்வது? வாயில் வந்ததை டீயோடு விழுங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறு ஆளுக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மறுபடி பார்ப்பது என்று முடிவாயிற்று. சுப்பையா அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். ஏஜென்டுக்குப் போன் போட்டுப் படப்பெட்டியை இங்கேயே நிறுத்தி வைத்தார்.

அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே கேட்டார், "தப்பா ஓட்டுனதுக்கே கூட்டம் வருதுன்னா தப்பாவே ஓட்டும்வே. சரியா ஓட்டிக் காலி பெஞ்சுக்குக் காட்டவா?"

3. ஐந்தருவி லாட்ஜ்

வாரத்தின் நடுவில் டேவிட்ராஜ் சைக்கிளில் வந்தான். "அண்ணாச்சி, உடனே வாங்க. கேம் படுத்துட்டு."

ஐந்தருவிப் பக்கம் அவன் சித்தப்பா ஒரு லாட்ஜ் வைத்திருந்தார். அங்கே முன்னறையில் குவைத் டிவியையும் கேம் பெட்டியையும் வைத்திருந்தான். நடந்தது என்னவென்றால், குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குப் போவார்கள். போகிற வழியில் முன்னறையில் கூட்டத்தைப் பார்த்ததும், எண்ணெய்க் கையோடு ஆளுக்கு ஒரு ஆட்டம் பிடித்திருக்கிறார்கள். பிடித்து ஆட்டுகிற குச்சிக்குள் நல்லெண்ணெய் இறங்கி, அது எந்தப் பக்கம் தள்ளினாலும் நகரவில்லை. அந்தப் பெட்டியைச் செய்த நாட்டுக்காரன் எதற்கெல்லாமோ யோசித்திருப்பான். நல்லெண்ணெய்க்கு யோசித்திருக்க மாட்டான்.

நான் லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்டும் மல் துணியும் கொண்டுபோயிருந்தேன். குச்சியின் அடிப்பாகத்தைக் கழற்றினேன். உள்ளே சின்னத் தகடுகள், அவ்வளவுதான். துடைத்து, காயவிட்டு, மூட்டிக் கொடுத்தேன். வாசலில் ஒரு துண்டும் ஒரு கிண்ணம் சீயக்காய்ப் பொடியும் வைத்து, கை கழுவாதவனை உள்ளே விடாதே என்றும் சொன்னேன்.

"நீங்களே மொத ஆட்டம் ஆடுங்க அண்ணாச்சி" என்று குச்சியை என் கையில் கொடுத்தான்.

டிவியில் கறுப்பு வானம். அடியில் ஒரு சின்ன வெள்ளை முக்கோணம். அதுதான் கப்பலாம். குச்சியை இடது பக்கம் தள்ளினேன். கப்பல் இடது பக்கம் போனது.

இன்றைக்கு நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அன்று அது பெரிய அதிசயம். எத்தனையோ வருஷமாகத் திரையில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் திரையில் உள்ள ஒரு ஈயைக்கூட என்னால் இடது பக்கம் நகர்த்த முடிந்ததில்லை. இங்கே என் கை அசைந்தால் வானத்தில் ஒன்று அசைகிறது. திரும்பத் திரும்ப இடதும் வலதுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தேன். எதிரியைச் சுடவேண்டும் என்ற நினைப்பே இல்லை. கப்பல் வெடித்தது. வெடித்த இடத்திலேயே மறுபடி வந்து நின்றது.

"பாத்தியளா? கேப்டன்" என்றான் டேவிட்ராஜ்.

திரும்பி வரும்போது சாரல் முகத்தில் அடித்தது. எனக்குள் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டிருந்தது. அந்தக் கேம் பெட்டி, ஆடுகிறவன் கைக்கு உரிமை கொடுத்துச் செய்த பெட்டி. என் கேபினில் என் கைக்கு அந்த உரிமை கிடையாது. எங்கோ ஒருவன், கேப்டன் முதலில் நடக்க வேண்டும், பிறகு சாக வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து எடுத்திருக்கிறான். தெரியாமல் ஒரு தடவை மாற்றி ஓட்டியாயிற்று. தெரிந்தே மாற்றினால் நான் ஆபரேட்டர் இல்லை. மார்னிங் ஷோ போனால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

4. படம் மாறிவிட்டது

இரண்டாம் ஞாயிறு பால்கனி வரை கூட்டம். ஈரத் தலையோடு நேராக அருவியிலிருந்து வந்தவர்கள் பாதி.

"எப்பிடி ஓட்டப் போறீரு?" என்றார் சுப்பையா அண்ணாச்சி.

"சரியா ஓட்டுதேன் அண்ணாச்சி."

"பெஞ்ச ஒடச்சாம்னா நீரே பதில் சொல்லும்" என்று இறங்கிப் போய்விட்டார்.

நாலாம் ரோலில் கப்பல் இறங்கியது. கேப்டன் சிவப்பு மண்ணில் நின்றார். கீழே ஒரு சலசலப்பு. ஐந்தாம் ரோலில் அவர் செத்தார், பெட்டி இருட்டுக்குள் போனது. சலசலப்பு அடங்கிவிட்டது. நான் வெளிச்சம் மங்காமல் இருக்கக் கார்பனைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். படம் முடிந்ததும் யாரும் பெஞ்சை உடைக்கவில்லை. எல்லோரும் ஓடினார்கள், டீக்கடைக்கு.

நான் போய்ச் சேர்ந்தபோது டேவிட்ராஜ் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். "போன வாரம் செத்துட்டு வந்தான். இந்த வாரம் வந்துட்டுச் செத்தான். படம் மாறிட்டுலே! கேம் மாதிரியேதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொரு மாதிரி ஓடும். புது டெக்னிக்கு."

லாட்ஜில் ஆடியவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் கையாலேயே கப்பல் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிப் போனதைப் பார்த்தவர்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்?

இனி மறைப்பதற்கில்லை என்று நானும் சத்தமாகவே சொன்னேன். டப்பா மாறிய கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். கேட்டு முடித்தும் ஒருவரும் நம்பவில்லை. ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார். "கம்பெனி ரகசியம், வெளியில சொல்லப்பிடாது. எங்களுக்குத் தெரியாதா வே?"

ஸ்டெல்லா டீச்சர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் கொஞ்சம் வாடியது. பிறகு கேட்டார், "அடுத்த வாரமும் சரியாத்தான ஓட்டுவிய?"

"ஆமா டீச்சர்."

"அப்ப நான் வாரேன். எனக்குச் சரியான படத்த இன்னொரு தடவ பாக்கணும்."

மூன்றாம் ஞாயிறு ஆலங்குளத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள், இந்தத் தடவை கேப்டன் என்ன ஆகப் போகிறார் என்று பார்க்க. நான் அதே வரிசையில், அதே படத்தை ஓட்டினேன். ஏமாந்து திட்டுவார்கள் என்று கீழே போகவே தயங்கினேன். டீக்கடையில் டேவிட்ராஜின் குரல்தான் முதலில் கேட்டது.

"கவனிச்சியளா? பெட்டிக்குள்ள வைக்கும்போது கேப்டன் வெரல் அசைஞ்சுது. போன வாரம் அசையல."

"நானும் பாத்தேன்" என்றார் ஸ்டெல்லா டீச்சர். அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அசைவதாவது, அதே பிலிம், அதே ரோல். இருந்தாலும் படப்பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் ஐந்தாம் ரோலை எடுத்து, ரீவைண்டிங் மேஜை விளக்கில் கட்டம் கட்டமாகத் தூக்கிப் பார்த்தேன். கேப்டனின் உடலைப் பெட்டிக்குள் இறக்குகிறார்கள். வலது கையின் சுண்டுவிரல் ஒரு கட்டத்தில் மடங்கியிருக்கிறது. சில கட்டம் தள்ளி நிமிர்ந்திருக்கிறது. நடித்த மனிதருக்குக் கை மரத்திருக்கலாம். எதுவாகவோ இருக்கட்டும், விரல் அசைந்திருந்தது. முதல் ஞாயிறும் அசைந்திருந்தது. நான் துவாரத்தில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றும் பார்க்கவில்லை.

மார்னிங் ஷோவை முதலாளி நிறுத்தவில்லை. டேவிட்ராஜ் குவைத் போனான், கேம் பெட்டி எண்ணெய் வாசனையோடு லாட்ஜில் கொஞ்ச காலம் இருந்தது. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. படத்தைச் சரியாக ஓட்டுவது மட்டும்தான் ஆபரேட்டர் வேலை. அதைப் புதிதாக்குகிற வேலையைக் கீழே உட்கார்ந்திருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அன்று அந்தப் பிலிமை விளக்கில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன், பெட்டியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சுப்பையா அண்ணாச்சி கீழேயிருந்து கூப்பிடுகிற வரை.