சீட்டில் இல்லாத ஏழாவது கேள்வி

1. ஆறு கேள்விகள்

2009-இல் தாம்பரத்தில் ஒரு நெஞ்சுநோய் கிளினிக்கில் பி.எஃப்.டி., அதாவது நுரையீரல் திறன் சோதனை டெக்னீஷியனாக இருந்தேன். நோயாளி குழாயில் ஊதுவார். முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று மெஷின் அளந்து காட்டும். அந்த அளவுக்கு எஃப்.இ.வி. ஒன் என்று பெயர்.

ஊத வைக்கும் முன் ஓர் அச்சடித்த சீட்டை நிரப்ப வேண்டும். வயது, உயரம், தொழில், எடுக்கும் மருந்து, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், புகைப்பழக்கம்.

பீர்க்கன்கரணையிலிருந்து வந்த செல்வகுமாருக்கு முப்பத்தாறு வயது. பெயின்டர். எண்ணெய் டேங்குகளுக்குள் முகமூடி போட்டு பெயின்ட் அடிக்கும் வளைகுடா வேலை கிடைத்திருந்தது. நுரையீரல் ஃபிட்னெஸ் சான்றிதழ் மட்டும் பாக்கி. பழைய கம்பெனியில் வேலையை விடுவதாகப் பேப்பர் போட்டுவிட்டார். சிகரெட்டை விட்டு எட்டு மாதம் ஆகிறது என்றார்; சந்தேகமிருந்தால் மனைவியைக் கேட்டுக்கொள்ளலாம் என்றார். பக்கத்திலிருந்த மனைவி தலையாட்டினார்.

2. பதினைந்து நிமிடம்

முதல் அளவு 2.10 லிட்டர். அவர் உயரத்துக்குக் குறைவு. இப்படி வந்தால் மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்தைக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊத வைப்போம். அளவு ஏறினால் ஆஸ்துமா மாதிரி, மருந்தில் சரியாகக்கூடிய அடைப்பு. ஏறாவிட்டால் கவலை. எதுவும் சாப்பிடாமல், காற்றாட இருந்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது அளவு 2.05.

டாக்டர் மேடம் ரிப்போர்ட்டைப் பார்த்து, மருந்துக்கு விலகாத அடைப்பு என்றார். டேங்குக்குள் இறங்கும் ஆளுக்கு ஃபிட் என்று எழுத முடியாது என்றும் சொல்லிவிட்டார். செல்வகுமார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ரிப்போர்ட்டை நான்காக மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

3. மழைக்காலத்து மாம்பழம்

அவர் ஊதிய அட்டைக் குழாய்களை அப்புறப்படுத்தும்போதுதான் கவனித்தேன். முதல் குழாயில் வாசனை எதுவும் இல்லை. இரண்டாவதில் பழுத்த மாம்பழ வாசனை. வெளியே நவம்பர் மழை. மாம்பழம் எங்கிருந்து வந்தது?

பெஞ்சுக்குப் போய், ஜூஸ் ஏதாவது குடித்தாரா என்று கேட்டேன்.

"இன்னா சிஸ்டர், நீங்கதானே எதுவும் துன்னக் கூடாதுன்னீங்க?"

"அப்போ வாசனை எப்படி சார் வந்துச்சு?"

சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். மலேசியாவிலிருந்து மச்சான் கொண்டுவந்ததாம். இழுத்தால் நுனியில் நீல விளக்கு எரியும், மாம்பழ வாசனையோடு ஆவி வரும்; இ-சிகரெட் என்ற பெயர் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் படிக்கட்டில் நின்று பத்து இழுப்பு இழுத்திருக்கிறார். டென்ஷன்.

"இது சிகரெட் இல்ல சிஸ்டர். பத்த வெக்கிறதே இல்ல, வெறும் ஆவி. உங்க நெபுலைசர்லயும்தான் பொகை மாதிரி வருது. அதை மட்டும் நீங்களே மூஞ்சில மாட்டி விடுறீங்க."

அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனேன்.

4. மறுநாள்

டாக்டரிடம் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, இரண்டு டெஸ்டுக்கும் நடுவில் இதை இழுத்திருக்கிறார். இரண்டு, அதனால் இரண்டாவது அளவை நம்ப முடியாது. மூன்று, இதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அவர் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் தெரியாதும்மா. நாளைக்கு இது இல்லாம வரச் சொல்லு."

அன்று இரவே பேனாவை மனைவி தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் ஊதியபோது 2.20. மருந்துக்குப் பிறகு 2.65.

ஒரே ஆளின் இரண்டு நாள் அளவை வைத்துப் பேனாதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஊதுகிற வேகம்கூட நாளுக்கு நாள் மாறும். ஆனால் அடைப்பு விலகுகிறது என்பது உறுதியாயிற்று. இன்ஹேலர், பேனாவுக்கு முழுக்கு, நான்கு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் என்று டாக்டர் எழுதினார். ஆனால் செல்வகுமார் வளைகுடாவுக்குப் போக வேண்டிய பேட்ச் பத்து நாளில் கிளம்புகிறது.

செல்வகுமார் என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"மூணு மாசமா எனக்கு மூச்சு இழுக்குதுன்னு வூட்டுக்காரி சொல்லிகினே இருந்தா. நான் இதைக் கணக்குலயே வெக்கல. நீங்களாவது கேட்டிருக்கலாம் இல்ல?"

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஆறு கேள்விக்கும் உண்மையான பதில்தான் சொல்லியிருந்தார். வாசனை வராமல் இருந்திருந்தால், தீராத நுரையீரல் நோய் என்ற ரிப்போர்ட்டோடு அவரை அனுப்பியிருப்பேன்.

5. ஏழாவது கேள்வி

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புகைப்பீர்களா என்று கேட்டால் புகைக்குத்தான் பதில் வரும். பழைய சீட்டுகள் கட்டுக்கட்டாக மீதியிருந்ததால், ஒவ்வொன்றின் அடியிலும் கையால் எழுதினேன்: "நேற்றிலிருந்து வாய் வழியாக உள்ளே இழுத்தவை எவை?"

நான்கு வாரம் கழித்து செல்வகுமார் வந்தார். அவருடைய பேட்ச் போய்விட்டது. அடுத்த பேட்சில் இடம் கேட்டு வைத்திருந்தார். அன்று 2.70 ஊதினார்; டாக்டர் போதும் என்று சொல்ல, சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார். ஊதுவதற்கு முன் ஏழாவது கேள்வியைப் படித்துக் காட்டினேன். நிதானமாக யோசித்தார்.

"நேத்து நைட்டு உங்க இன்ஹேலர். இன்னிக்குப் பெருங்களத்தூர் சிக்னல்ல அரை மணி நேரம் லாரிப் பொகை. அதையும் எழுதிக்கோங்க சிஸ்டர், அப்புறம் நான் சொல்லலன்னு நீங்க சொல்லக் கூடாது."

எழுதிக்கொண்டேன்.