சட்டையில் குத்திய டாலர்

மாதத்தின் முதல் புதன்கிழமை உச்சிப்பொழுதில் டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் வானம் ஊளையிடும். சூறாவளி வந்தால் ஊதுகிற அபாயச் சங்கு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நகராட்சி சோதித்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் கேட்டு, மேசைக்கு அடியில் புகுந்துவிடலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் தலை நிமிரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே "புதன்கிழமை" என்றார், அதில் எல்லாம் அடங்கிவிட்டது போல. எனக்கோ ஹார்மோனியம் வாசித்துப் பழகிய காது. அன்று வீட்டுக்குப் போனதும் அந்த ஊளை எந்தச் சுருதி என்று கட்டைகளை அழுத்தித் தேடினேன். அது எந்தக் கட்டையிலும் நிற்கவில்லை. ஏறுகிறது, வழுக்கி இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. பிறகுதான் இன்னொரு விஷயம் தெரியவந்தது. வானம் இருண்டிருக்கும் புதன்கிழமைகளில் சோதனை கிடையாதாம். மேகத்தைப் பார்த்து ஏற்கெனவே மிரண்டிருக்கும் ஜனங்கள் சோதனையை நிஜமென்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஆக, இந்த ஊரில் சங்கு ஊதினால் பயமில்லை. கறுத்த வானத்தின் கீழே அது ஊதாமல் இருக்கும்போதுதான் பயப்பட வேண்டும்.

நாகர்கோவிலில் எங்கள் கிறிஸ்தவ சபையில் பள்ளிக்கூட நாள் முதல் நான்தான் ஹார்மோனியம். மேல்படிப்புக்கு டெக்சாஸ் வந்தபோது அரிசியையும் ஊறுகாயையும் குறைத்துக்கொண்டு பெட்டியில் அதை ஏற்றினேன். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி திறந்து பார்த்து, "இது என்ன, அக்கார்டியனா?" என்று கேட்டார். "அதற்கு அண்ணன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் நான் சொன்னது விளையாட்டல்ல. இரண்டுக்குள்ளும் காற்றில் துடிப்பது ஒரே வகை உலோக நாக்குதான். ஐரோப்பாவிலிருந்து ஒன்று மிஷனரிகளின் கையில் ஏறி நம் பக்கம் வந்து, தரையில் சம்மணமிட்டு உட்காரக் கற்றுக்கொண்டது. மற்றொன்று ஜெர்மன், செக் விவசாயிகளோடு கப்பலேறி டெக்சாஸில் இறங்கி, போல்கா ஆடிய கால்களுக்கு வாசித்தது. பக்கத்து வயலில் வேலை செய்த மெக்சிகோக்காரர்கள் வேலி ஓரமாக நின்று கேட்டு அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இன்று இந்த ஊர் வானொலியில் ஸ்பானிஷ் பாட்டுக்குப் பின்னால் உம்-பா, உம்-பா என்று போல்கா நடை கேட்கும்போது எனக்குப் புல்லரிக்கும்.

இப்படியெல்லாம் ஆரம்பித்தால் என்னை நிறுத்துவது கஷ்டம். பான்ஜோவை எடுத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டு வெள்ளைக்காரர்களின் வாத்தியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் தங்கள் ஊர் ஞாபகத்தில் சுரைக்குடுக்கையில் தோலைக் கட்டிச் செய்தது அது. கௌபாய் பாட்டில் அழுகிறதே ஸ்டீல் கிட்டார், அந்த அழுகை ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. அதே அழுகைதான் கடல் தாண்டி நம் ஊர்ப் பழைய சினிமாப் பாட்டுகளிலும் ஏறிக்கொண்டது. பருத்திக்காட்டு முனகல் ப்ளூஸ் ஆகி, தேவாலயக் கைத்தட்டல் காஸ்பல் ஆகி, இரண்டும் மதுக்கடையில் சந்தித்து ராக் அண்ட் ரோல் ஆயிற்று. அமெரிக்கப் பாட்டு என்று தனியாக ஒன்றைத் தோண்டி எடுத்தால், வேரில் எல்லாம் வேறு ஊர் மண். படிக்கிற காலத்தில் இது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. இத்தனை பேரைச் சேர்த்துக்கொண்ட இசை என்னையும் சேர்த்துக்கொள்ளாதா என்ன?

சேர்த்துக்கொள்ளவும் செய்தது. நான் காய்கறி வாங்கும் இந்திய மளிகைக் கடைக்கு அடுத்த கதவு, ஒரு மெக்சிகோ சாப்பாட்டுக் கடை. பெருங்காய வாசனையும் சோள ரொட்டி வாசனையும் ஒரே கூரைக்கு அடியில். சனிக்கிழமை மதியங்களில் அதன் முற்றத்தில் மாரிசோல் அக்கார்டியன் வாசிப்பாள். அதே கட்டட வரிசையில் உள்ள பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்வது அவள் வேலை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். டிரம் வாசிக்கும் கர்ட்டிஸ் கறுப்பினத்தவர். வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுவார், ஞாயிறன்று தன் சபையில் ஆர்கன் வாசிப்பார். ஒருநாள் பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க, நான் மணிக்கணக்காக நின்று கேட்டதைப் பார்த்து மாரிசோல், "உனக்கு வாசிக்கத் தெரியுமா, இல்லை முறைக்க மட்டும்தானா?" என்று கேட்டாள். அடுத்த சனிக்கிழமை ஹார்மோனியத்தோடு போய் உட்கார்ந்தேன். என் பெயர் மார்ட்டின் என்றதும் கடைக்கு வந்த பெண்கள் என்னிடம் ஸ்பானிஷில் பேசத் தொடங்கினார்கள். நிறமும் பெயரும் பொருந்தியதால் வந்த உரிமை. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு குடியேற்ற அதிகாரிகள் முகத்தைப் பார்த்தே ஆட்களைப் பிடித்துப்போவதாகச் செய்திகளில் வருவதைப் பார்த்து, பாஸ்போர்ட்டின் நகலை ஹார்மோனியப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

காசு வாங்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். என் வேலை விசா ஒரே ஒரு கம்பெனிக்கு என்னைக் கட்டிப்போட்டது. வேறெங்கும் ஒரு டாலர் கூலி வாங்கினாலும் விதிமீறல். மாரிசோலுக்கு இது புரியவில்லை. "டிப்ஸ்தானே? எல்லோருக்கும் பங்கு உண்டு."

"எனக்கு வேண்டாம். வாங்கக் கூடாது."

"மதத்தில் அப்படியா?"

"அரசாங்கத்தில் அப்படி."

"எங்கள் அரசாங்கத்திலா? டிப்ஸுக்கா?" என்று அவள் கர்ட்டிஸைப் பார்த்தாள். "பையன் பணக்காரன் போல" என்று முடிவுகட்டி இருவரும் சிரித்தார்கள். விளக்கிச் சொல்ல எனக்கும் வெட்கமாக இருந்ததால் நானும் சிரித்து வைத்தேன்.

அப்படியே போயிருக்கும். ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊர் பிளானோவிலிருந்து செல்வம் அங்கிளும் ஆன்ட்டியும் மளிகைக்கு வந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ரொம்ப காலத்துக்கு முன்பே குடியுரிமை வாங்கி, அங்கே லெகசி என்கிற அலுவலகப் பகுதியில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கலில் குரல் உடையும்வரை பாடுகிற மனிதர். கறிவேப்பிலைக் கட்டோடு முற்றத்துக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் மாரிசோலும் ஒரு போல்கா மெட்டை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துத் துரத்திக்கொண்டிருந்தோம். முடியும் முன்பே அங்கிளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அட, என்ன தம்பி இது, இத்தன திறமைய வச்சுக்கிட்டு கம்ப்யூட்டர்ல கோடு எழுதிட்டு இருக்கறீங்க. வாசிக்கிறவனுக்கு ஒண்ணும் செய்யாம போனா நம்மூர்ல காறித் துப்புவாங்க." சொல்லிக்கொண்டே ஆன்ட்டியின் தோள் பக்கம் கையை நீட்டினார்.

"ஏனுங்க, அது என் துப்பட்டா பின்னுங்க."

"இருக்கட்டும், குடு."

டாலர் நோட்டை மடித்து, துப்பட்டாவிலிருந்து கழற்றிய சேப்டி பின்னால் என் சட்டையில் குத்தினார். கரகாட்டத்திலும் ஆர்கெஸ்ட்ராவிலும் நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். என் கைகள் இரண்டும் வாத்தியத்தில் இருந்தன. தடுப்பதற்குள் அடுத்தது நடந்தது. ஏதோ பிறந்தநாளுக்காகக் கூட்டமாக வந்திருந்த மெக்சிகோப் பெண்கள் இதைப் பார்த்து ஆர்ப்பரித்து எழுந்தார்கள். அவர்கள் கல்யாணங்களில் மணமக்கள் ஆடும்போது உடுப்பில் டாலர் குத்துவது வழக்கமாம். உலகின் இரு மூலைகளில் ஒரே பழக்கம். பைகளிலிருந்து பின்கள் வந்தன. என் சட்டையில் இலையிலையாக நோட்டு முளைத்தது. கர்ட்டிஸ் டிரம்மை வெளுத்து வாங்கினார். நான் நெஞ்சு நிறையச் சிரித்துக்கொண்டு வாசித்தேன். பொய் சொல்வானேன், இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. முடிந்ததும் ஒவ்வொரு நோட்டாகக் கழற்றி மாரிசோலின் டப்பாவில் போட்டேன். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் சாப்பாட்டுக் கடைக்காரர் போனில் எடுத்த வீடியோ அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அவர் அதைக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு, "எங்கள் ஹார்மோனியக் கலைஞர், எல்லாச் சனிக்கிழமையும்" என்று என் முழுப்பெயரோடு எழுதினார். பாசம்தான். அங்கிள் அதை எடுத்துத் தமிழ்ச் சங்க வாட்ஸாப் குழுவில் போட்டு, "நம்ம பையன்" என்றார். இதயங்களும் கைத்தட்டல்களும் குவிந்தன. நடுவே, நான் பார்த்தேயிராத ஒருவரிடமிருந்து ஒரு வரி: "சூப்பர் ப்ரோ. ஆனா எச்-ஒன் விசால இருந்துட்டு மியூசிக் கிக் எல்லாம் அலவ்டா? ஜஸ்ட் ஆஸ்கிங்."

நான் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் அம்மா கூப்பிட்டாள். தங்கை ஜெனிஃபருக்குக் கல்யாணத் தேதி குறித்தாயிற்று. "அவ கோயிலுக்குள்ள நடந்து வரும்போ நீதான் வாசிக்கணும் மக்களே. வராம இருந்திராத." வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த இடத்தில் நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். படிக்க வந்தபோது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகிவிட்டது. வேலை விசாவுக்கு இங்கிருந்தபடியே மாறியவன் நான். நாட்டுக்குள் இருக்கும்வரை கவலையில்லை. வெளியே கால் வைத்தால், சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நின்று புதிதாக விசா வாங்காமல் திரும்பி வர முடியாது. இப்போது சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். என் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது, சட்டை முழுக்க டாலரோடு சிரிக்கிற நான்.

கம்பெனியின் வக்கீல் வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். "நன்றாக வாசிக்கிறீர்கள்" என்றார் பிறகு. "இது பிரச்சினை என்று என்னால் சொல்ல முடியாது. பிரச்சினை இல்லை என்றும் சொல்ல முடியாது."

"அழிக்கச் சொல்லிவிடவா?"

"வேண்டாம். அழித்தால் மறைத்ததாகத் தெரியும். பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா?"

"தங்கச்சி கல்யாணம்."

"புரிகிறது" என்றார். என் வீட்டில் கல்யாணம் என்பது எத்தனை நாள் விடுப்பு என்ற அளவில் புரிந்திருக்கும்.

செல்வம் அங்கிள் விஷயம் கேள்விப்பட்டு நேராக என் அபார்ட்மெண்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "தம்பி, நான் சிட்டிசன் ஆயி ரொம்ப வருசமாச்சுங்க. அந்தப் பயமெல்லாம் மறந்தே போச்சு." கதவுப் பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். "நான் வேணா ஒரு லெட்டர் எழுதித் தரட்டா? நோட்டு குத்துனது நான்தான், பையன் மேல தப்பில்லைன்னு." அவரை நோவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பயத்தை மறக்கும் அளவுக்கு ஒரு நாட்டில் வேர் பிடிப்பது எப்படி இருக்கும் என்றுதான் யோசித்தேன்.

கர்ட்டிஸிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. அவருடைய தாத்தாவின் தம்பி, கறுப்பர்களை ஒதுக்கிவைத்த காலத்தில், டெக்சாஸ் முழுக்க ஹோட்டல் ஹோட்டலாக டிரம்பெட் வாசித்தவராம். "பாட்டு முன்வாசல் வழியாகப் போகும். அவர் கிச்சன் வழியாகப் போவார். வாசித்து முடித்ததும் அதே ஹோட்டலில் படுக்க அறை தர மாட்டார்கள். கார்தான் படுக்கை." பிறகு டிரம் குச்சியால் என் முழங்காலில் லேசாகத் தட்டினார். "அப்படியும் சனிக்கிழமை வந்தால் வாசித்தார்." அவர் தைரியம் சொல்லத்தான் அதைச் சொன்னார். எனக்குக் கேட்டது வேறு. எந்த வரலாற்றை நான் இத்தனை நாள் வியந்து வியந்து எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேனோ, அதில் வாத்தியங்கள் எப்படி வந்தன என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பான்ஜோ இருக்கிறது. அதைச் சுரைக்குடுக்கையில் கட்டியவர் பெயர் யாருக்கும் தெரியாது. மெட்டு தங்கிவிடும். ஆள் தங்குவானா என்பதை வேறு யாரோ, வேறெங்கோ, ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்.

போகாமல் இருந்துவிடலாம் என்று ஓரிரவு முடிவு செய்தேன். காலையில் ஜெனிஃபரிடமிருந்து செய்தி வந்திருந்தது. "அண்ணா, வர முடியலைன்னா கவலப்படாத. ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கலாம். ஒரு பிரச்சனையும் இல்ல." கூடவே ஒரு சிரிப்பு முகம். சிறுவயதில் காய்ச்சலோடு பரீட்சைக்குப் போன நாளில்கூட அவள் இதே சொல்லைத்தான் சொன்னாள், ஒரு பிரச்சனையும் இல்லை என்று. டிக்கெட் போட்டுவிட்டேன்.

புறப்படும் நாள் மாதத்தின் முதல் புதன்கிழமையாக அமைந்துவிட்டது. கல்யாணத்துக்கு எங்கள் சபை ஹார்மோனியம் போதும். என்னுடையதை மாரிசோலிடம் விட்டுப்போகலாம் என்று மதியம் கடை முற்றத்துக்குப் போனேன். அவள் ஆஸ்பத்திரி உடுப்போடு மதிய இடைவேளையில் வந்திருந்தாள். விசா, தூதரகம், வீடியோ எல்லாவற்றையும் இந்த முறை வெட்கப்படாமல் சொல்லியிருந்தேன். அவள் ஹார்மோனியப் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்போது திரும்புவாய்?"

"தெரியாது."

"தேதியைக் கேட்கிறேன்."

"நானும் அதைத்தான் சொல்கிறேன்."

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "இதில் உன் பாஸ்போர்ட் நகல் இருக்கிறது."

"இருக்கட்டும்."

பிறகு தன் அக்கார்டியனை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டாள். முன்பும் சில தடவை முயன்று தோற்றிருக்கிறேன். ஹார்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் துருத்தி எந்தப் பக்கம் போனாலும் ஒரே சுரம்தான். இந்தப் பொத்தான் அக்கார்டியன் அப்படியில்லை. துருத்தியை விரித்தால் ஒரு சுரம், மூடினால் வேறு சுரம். விரல் நகராது, பொத்தானும் அதேதான். போகும்போது ஒன்று, வரும்போது இன்னொன்று. என் காது இதற்குப் பழகவே இல்லை.

"வாசி" என்றாள் மாரிசோல்.

பிளானோ பக்கமிருந்து மேகம் கன்னங்கரேலென்று ஏறி வந்துகொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் யாரோ தள்ளுவண்டியைப் பிடிக்க ஓடினார்கள். கடைக்குள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டிவிட்டது. சங்கு ஊதவில்லை. நான் ஒரு பொத்தானில் விரலை அழுத்தி, துருத்தியை விரிக்காமலும் மூடாமலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.