வியாழக்கிழமையே புறப்பட்டவன்

முதுகுளத்தூருக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊரில் ஆட்டுக்குக் கழிச்சல் கண்டாலும், மாட்டுக்கு வயிறு ஊதினாலும் ஆள் அனுப்புவது என் அண்ணன் கூத்தையாவுக்குத்தான். மிளகாய்க் கொல்லையில் களை எடுத்துக்கொண்டு நின்றாலும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விடுவான். கண்ணிமையைப் புரட்டிப் பார்ப்பான், புழுக்கையை முகர்ந்து பார்ப்பான், என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான். யாராவது "டாக்டரே" என்று கேலியாகக் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்காமல் நடப்பான். ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் அவனுக்குக் காது மந்தமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கும். அவன் கதையை அவன் சொல்ல மாட்டான், அதனால் நான் சொல்கிறேன். நான் அவன் தங்கை முருகம்மாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர் உண்டு, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதில் எங்கள் மந்தைக்கு வெக்கை நோய் வந்தது. ஒரே வாரத்தில் முப்பத்திரண்டு ஆடு. அய்யா பொன்னுச்சாமி குழி தோண்டித் தோண்டிக் கை கொப்பளித்து உட்கார்ந்துவிட்டார். ஆத்தா இராமலட்சுமி செத்த மனிதருக்கு அழுவதுபோல் ஒப்பாரி வைத்தாள். அன்றைக்கு அண்ணன் முடிவு செய்தது, ஆட்டுக்கு வைத்தியம் படிப்பது என்று. மற்ற பிள்ளைகள் பத்து நாளில் மறந்துவிடுவார்கள். இவன் மறக்கவில்லை. இராமநாதபுரத்தில் எஸ்.எஸ்.எல்.சி., மதுரையில் விடுதியில் தங்கிப் பி.யூ.சி. என்று விடாமல் படித்தான். சென்னையில் இடம் கிடைக்கவில்லை. மைசூர் ராஜ்யத்துக் கால்நடைக் கல்லூரி ஒன்றில் வெளி ராஜ்யத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு இடம் உண்டு என்று யாரோ சொல்ல, அதற்கும் எழுதிப் போட்டான்.

1959 ஜூன் முதல் வாரம் பதில் வந்தது. ஜூன் இருபத்திரண்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். கல்லூரியைச் சுற்றிக் காட்டுவார்கள், கேட்க நினைப்பதைக் கேட்கலாம், பிறகு முதல்வர் பேசிப் பார்த்து இடம் கொடுப்பதா வேண்டாமா என்று அன்றைக்கே முடிவு செய்வார். அசல் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும். எந்த ஊர்க்காரன் என்பதற்குத் தாசில்தார் கையெழுத்தும் வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. முதுகுளத்தூர் தையல்காரர் ஹாஜா முகைதீன் அவனுக்கு வாழ்க்கையிலேயே முதல் முழுக்கால் சட்டை தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குள் நடந்து பழகினான். கோழிகூட ஒதுங்கி நின்று பார்த்தது. சாயங்காலம் ஆனால் கயிற்றுக் கட்டிலில் நான் முதல்வராக உட்கார வேண்டும். எனக்குப் பதினாலு வயது. "வாட் இஸ் யுவர் நேம்? வை டு யூ வான்ட் திஸ் கோர்ஸ்?" என்று அவன் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷை அவனிடமே கேட்பேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்வான். கல்லூரியைச் சுற்றிக் காட்டும்போது கேட்பதற்காகப் பதினோரு கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். வெக்கைக்குத் தடுப்பூசி போட்டால் எத்தனை மாதம் தாங்கும் என்பது முதல் கேள்வி.

போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். பரமக்குடிக்குப் பஸ், அங்கிருந்து மதுரைக்கு ரயில், பெங்களூருக்கு இன்னொரு ரயில், அதற்கு மேலும் ஒன்று. சனிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் திங்கள் விடியும்போது போய்ச் சேரலாம். அதற்கு முன்னால் கிளம்பவும் வழியில்லை. தாசில்தார் முகாம் போயிருந்தார், வெள்ளி மத்தியானம்தான் கையெழுத்து ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை என்றதும் அய்யா முகம் சுருங்கிவிட்டது. சனிக்கிழமை கிளம்பினால் சனியன் துணைக்கு வரும். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம், அந்தப் பக்கம் கிளம்பக் கூடாது. அந்த வாரத்தில் வியாழக்கிழமை ஒன்றுதான் உருப்படியான நாள்.

"பரஸ்தானம் வச்சிருவோம்லே" என்றார் அய்யா.

நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள் எங்கள் பக்கம் செய்வது இது. பயணச் சாமானில் ஒன்றை நல்ல நேரத்தில் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. சாதாரணமாக ஒரு துண்டையோ பிடி அரிசியையோ வைப்பார்கள். அண்ணனும் ஒரு துண்டைத்தான் எடுத்தான். அய்யா விடவில்லை.

"துண்டு காலேசுக்குப் போகுதா, நீ போறியா? பெட்டிய வைலே. சர்டிபிகேட்டு எல்லாம் அதுக்குள்ள இருக்கட்டும். அரகொறையா வச்சா காரியமும் அரகொறையாத்தான் முடியும்."

வியாழன் காலை பத்து மணிக்குத் தகரப் பெட்டியை அய்யா தலையில் வைத்துக்கொண்டு வடக்குத் தெரு சோணையம்மாள் வீட்டுக்குப் போனார். அசல் சான்றிதழ்கள், கல்லூரிக் கடிதம், முழுக்கால் சட்டை, நோட்டு எல்லாம் அதற்குள் இருந்தன. சோணையம்மாள் எங்களுக்குச் சொந்தம் இல்லை. புருஷன் போன பிறகு தனியாக இருந்தவள், ஐம்பது வயது இருக்கும், யாருக்கும் இல்லை என்று சொல்லாத மனுஷி. நடுவீட்டைக் கூட்டிப் பெட்டியை வைத்து, அதன் பக்கத்தில் விளக்கை ஏற்றினாள்.

"டாக்டரய்யா எங்க வீட்டுலதேன் தங்கியிருக்காரு. சத்தம் போடாதீக, தூங்கட்டும்" என்று சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை தாசில்தார் தாள் கைக்கு வந்தது. அதை அண்ணன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சனிக்கிழமை விடிந்ததும் அய்யா பெட்டியை எடுக்கப் போனபோது வடக்குத் தெருவில் அழுகைச் சத்தம் கேட்டது. சோணையம்மாள் படுத்த பாயிலேயே செத்துக் கிடந்தாள். நெஞ்சு வலி என்றார்கள். அவளை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் எங்கள் பெட்டி. அய்யா வெறுங்கையோடு திரும்பி வந்து சொன்னார்.

சனிப் பிணம் தனிப் போகாது என்று சொல்வார்கள். சனிக்கிழமை இறந்தவர் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போவார் என்று பயம், அதற்காகவே பாடையில் கோழிக்குஞ்சைக் கட்டுவதும் உண்டு. அண்ணன் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினான். ஆத்தா எங்கள் வீட்டு வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பெட்டி வெறும் பெட்டியாய்யா? பரஸ்தானம் வச்சாச்சு. பெட்டி அங்கன இருந்தா நீ அங்கன இருக்கேன்னு அர்த்தம். இப்ப அது அந்த வீட்டவிட்டுப் பொறப்பட்டா அவகூட நீ பொறப்பட்டதா ஆயிரும்யா. அவ அண்ணந்தம்பி வந்து அவள எடுத்துட்டுப் போகட்டும். அதுக்கப்பறம் எடுத்துக்க."

"அண்ணந்தம்பி திருப்புல்லாணிலருந்து வரணும் ஆத்தா. மத்தியானத்துக்கு மேல ஆயிரும். பஸ்ஸு எட்டு மணிக்கு."

"பஸ்ஸு நாளைக்கும் வரும். நீ வருவியா?"

அண்ணன் அய்யாவைப் பார்த்தான். அய்யா தரையைப் பார்த்தார். பரஸ்தானம் என்று ஆரம்பித்த வாய்க்கு அப்போது ஒரு சொல் வரவில்லை. எனக்கு இன்றும் அதை நினைத்தால் ஆத்திரம் அடங்குவதில்லை.

அண்ணன் கொல்லைப்புறமாக என்னைக் கூட்டிக்கொண்டு வடக்குத் தெருவுக்குப் போனான். ஆண்கள் பிண வீட்டுக்குள் போய்ச் சாமானை எடுத்தால் ஊரார் சத்தம் போடுவார்கள் என்று என்னை அனுப்பினான்.

"நீ சின்னப் பிள்ள, ஒருத்தரும் கவனிக்க மாட்டாக. பெட்டியப் பைய எடுத்துட்டு வந்துரு. மணி ஏழுதான் ஆகுது. ஓடிப்போனாப் பிடிச்சிரலாம்."

அவன் எதிர்வீட்டுக் கூரைக்குக் கீழே நின்றான். நான் உள்ளே போனேன். பெண்கள் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நிஜமாகவே யாரும் என்னைக் கவனிக்கவில்லை. குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தேன். பக்கத்தில் சோணையம்மாள் முகம் தெரிந்தது. நெற்றியில் காசு வைத்து, தாடையைக் கட்டியிருந்தார்கள். ஆத்தா சொன்னது அப்போது எனக்கு உண்மையாகத் தோன்றியது. இதைத் தூக்கினால் அண்ணன் செத்துப்போவான் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். கையை எடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

"கூட்டமா இருக்குண்ணே. முடியல" என்றேன்.

"சரி" என்றான்.

எட்டு மணி பஸ் போய்விட்டது. திருப்புல்லாணியிலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று மணிக்கு வந்தார்கள், ஐந்து மணிக்குப் பாடை கிளம்பியது. கோழிக்குஞ்சும் கட்டித்தான் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அய்யா பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு அண்ணனோடு பஸ்ஸுக்கு நடந்தார். மேற்கே சூலமாயிற்றே என்று ஆத்தா இழுத்தாள். "சூலமாவது மண்ணாவது" என்றார் அய்யா. அந்த ஒரு வார்த்தையை வியாழக்கிழமை சொல்லியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அங்கே நடந்ததை அண்ணன் பல நாள் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்னிடம் சொன்னான். செவ்வாய்க்கிழமை காலை கல்லூரி வாசலில் போய் நின்றிருக்கிறான். குமாஸ்தா நல்ல மனிதர், தமிழும் தெரிந்தவர். இரண்டு இடத்தில் ஒன்று நேற்றே போய்விட்டது, இன்னொன்றுக்கு இன்றைக்குத்தான் பெயர் எழுதப் போகிறார்கள், நெருங்கிய சொந்தத்தில் சாவு என்றால் முதல்வர் மனமிரங்குவார், போய்ச் சொல் என்று அவனை உள்ளே அனுப்பிவைத்தார். வாழ்க்கை அந்த ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தது.

ஏன் நேற்று வரவில்லை என்று முதல்வர் இங்கிலீஷில் கேட்டார். ஊரில் ஒரு சாவு என்றான். இறந்தது உனக்கு யார் என்றார். அத்தை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். எங்கள் ஊரில் தெருவில் போகிற எல்லாரும் அத்தைதான், அது பொய்கூட இல்லை. இந்த மடையன் சொந்தம் ஒன்றும் இல்லை என்றான். பிறகு உனக்கு என்ன தடை என்றார். என் பெட்டி அவர்கள் வீட்டில் இருந்தது என்றான். உன் பெட்டி அங்கே ஏன் போனது என்றார்.

பரஸ்தானத்துக்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று அவனுக்குத் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து நான் கேட்ட கேள்விகளில் இது இல்லை. கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னான்:

"ஐ ஸ்டார்ட்டட் ஆன் தர்ஸ்டே, சார்."

வியாழக்கிழமை கிளம்பியவன் செவ்வாய்க்கிழமை வந்து சேருவானா, நடந்தா வந்தாய் என்று கேட்டார் முதல்வர். இல்லை சார், ஞாயிற்றுக்கிழமைதான் பஸ் ஏறினேன், ஆனால் வியாழக்கிழமையே கிளம்பிவிட்டேன் என்றான். ஐந்து நாள் கணக்கை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவனை நம்பி ஒரு மாட்டை ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுக் ஃபைலை மூடிவிட்டார். கோபம்கூட இல்லை அவருக்கு.

இவ்வளவு தூரம் வந்தாயே, பார்த்துவிட்டாவது போ என்று குமாஸ்தா ஒரு பியூனைக் கூட அனுப்பினார். பியூனுக்குக் கன்னடம் மட்டும்தான் தெரியும். ஆட்டுக் கொட்டில், மருந்தறை, கண்ணாடிப் புட்டிகள் எல்லாவற்றையும் கையால் காட்டிக்கொண்டே போனான். அண்ணன் நோட்டைக் கையில் பிடித்தபடி பின்னால் நடந்தான். பதினோரு கேள்வியில் ஒன்றைக்கூட அவன் யாரிடமும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் திரும்பி வந்தபோது ஆத்தா தெருமுனைக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இடம் கிடைத்ததா என்று கேட்கவில்லை. சனிப் பிணத்தோடு பிள்ளை போகாமல் இருக்கக் கருப்பசாமிக்குக் கிடா நேர்ந்திருக்கிறாள். மறுவாரமே மந்தையில் நல்ல கிடாவாகப் பிடித்து வெட்டி, சொந்தத்தை எல்லாம் அழைத்துவிட்டாள். அண்ணன்தான் தண்ணீர் சுமந்தான், அண்ணன்தான் அடுப்புக்கு விறகு பிளந்தான். பந்தியில் உட்கார்ந்ததும் ஆத்தா ஈரலாகப் பொறுக்கி அவன் இலையில் வைத்தாள்.

"தின்னுய்யா. படிப்பு கெடக்கு கழுத. உன்னய உசுரோட திருப்பிக் குடுத்துருச்சே சாமி."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். இன்னும் வைக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வை என்றான்.

அவன் கை கழுவப் போனபோது பின்னாலேயே போய்ச் செம்பில் தண்ணீர் ஊற்றினேன். அழுகை வந்துவிட்டது.

"அன்னைக்குப் பொய் சொல்லிட்டேண்ணே. கூட்டத்தால இல்ல. கையில பிடிச்சுட்டு, பயந்துக்கிட்டு விட்டுட்டேன்."

"தெரியும்" என்றான். "வாசல் தொறந்துதான கெடந்துச்சு. எதுத்தாப்புல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்பறம் ஏண்ணே ஒண்ணுமே சொல்லல?"

அவன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான்.

"என்னத்தச் சொல்ல? பத்தடி தூரம். நானும்தான் உள்ள வரலையே."