மல்லாட்டைப் பூ வைத்த கேக்

போன மாதம் பேத்தியின் பிறந்தநாளுக்கு மகன் கேக் வாங்கி வந்தான். நடுவில் சிவப்பாக ஒரு ரோஜா. வெட்டி முடித்ததும் அதை எனக்கென்று கேட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். "தாத்தா, அது பிளாஸ்டிக்!" என்று பேத்தி கத்துவதற்குள் அது என் பல்செட்டில் மாட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். பல்செட்டைக் கழற்றிக் கழுவிக்கொண்டு நானும் சிரித்தேன். கேக்கின் மேல் இருக்கும் பூ தின்னக்கூடியது என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

அந்த நம்பிக்கை எனக்கு விழுப்புரம் ஜங்ஷனில் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள். பி.ஏ. படித்துவிட்டு, அந்தப் படிப்புக்குச் சற்றும் தொடர்பில்லாமல், பார்சல் ஆபீசில் தற்காலிக குமாஸ்தாவாக இருந்தேன். கருவாட்டுக் கூடை, வெற்றிலைக் கட்டு, பதனிட்ட தோல் மூன்றும் ஒரே அறையில் கிடந்தால் என்ன வாசனை வருமோ அதுதான் என் ஆபீசின் வாசனை. ஒருநாள் அதற்குள் பன்னீர் மணந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் பிஸ்கட் தகர டப்பா ஒன்றைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, திண்டிவனம் பாசஞ்சரில் வந்து இறங்கி வெளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். டப்பாவைக் கட்டணமில்லாமல் கொண்டுவந்திருக்கிறாரே, இது விதியில் எதில் சேரும் என்று எனக்கு உடனே அரிப்பு வந்துவிட்டது.

"நில்லு. டப்பாவுல என்ன?"

"பூவுங்க சார்."

"பூன்னா வாடற சரக்கு. அதுக்குத் தனி ரேட்டு."

"இது வாடாதுங்க."

திறக்கச் சொன்னேன். அடியில் ஈரத்தை இழுக்கச் சுட்ட சுண்ணாம்புப் பொட்டலம், அதன்மேல் பஞ்சு, பஞ்சின்மேல் பன்னிரண்டு வெள்ளை ரோஜாக்கள். எல்லாம் சர்க்கரை. நம்பிக்கை வராமல் விரலால் தொட்டேன். ஓர் இதழ் உடைந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். அவர் பதறவில்லை.

"ஒண்ணு ரெண்டு அதிகமாத்தான் பண்ணிக்கினு வர்றது சார். தொட்டுப் பாக்காம யாரும் வுடமாட்டாங்க."

உடைந்த இதழை வாயில் போட்டுக்கொண்டேன். கட்டணத்தைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை. பேசியிருக்க வேண்டும், விதி அப்படித்தான் சொல்கிறது.

அவர் பெயர் ஞானம்மா. திண்டிவனத்தில் மிஷன் பங்களாவில் சமையல் வேலை. கணவர் இல்லை. எஸ்தர் என்று ஒரே பெண். அவர்களுடைய பெரியவர்கள் எல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பங்களாத் துரைசானி ஒரு கிறிஸ்துமஸுக்கு ஏதோ புத்தகத்தைப் பார்த்துச் சர்க்கரைப் பூ செய்ய முயன்று கையெல்லாம் பிசுக்காகி விட்டுவிட்டார். அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஞானம்மா, மிச்சமிருந்த மாவில் ஒரு பூ செய்து வைத்தார். அன்றிலிருந்து விழுப்புரம் ரயில்வே காலனியில் எந்த ஆங்கிலோ இந்தியர் வீட்டுக் கல்யாணம் என்றாலும் கேக்குக்குப் பூ திண்டிவனத்திலிருந்துதான் வரும். அந்த நாளில் நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். எல்லோரும் அப்படித்தான். இப்போது எழுதும்போது கை தானாக 'அவர்' என்று எழுதுகிறது. காலம் கடந்த மரியாதைக்குச் செலவு கிடையாது.

திரும்பும் ரயில் வரும்வரை பார்சல் ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்று வரிசையாகத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் சொல்வேன். சர்க்கரையை இடித்து மல் துணியில் சலிக்க வேண்டும். பிசினை முந்தின நாளே பன்னீரில் ஊறப்போட வேண்டும். முட்டை வெள்ளையும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து ஈரத்துணிக்குள் மூடி வைக்க வேண்டும். சுண்டைக்காய் அளவு கிள்ளி உள்ளங்கையில் வைத்து, பழைய பல் பிரஷின் பிடியால் ஓரத்தை மட்டும் தேய்க்க வேண்டும். கை ரேகை மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெலிய வேண்டும். முட்டை ஓட்டுக்குள் காய வைத்தால் இதழுக்கு வளைவு கிடைக்கும். ஐப்பசி மழையில் எந்த இதழும் நிற்காது, தொங்கிப்போகும். "ஐப்பசியில கல்யாணம் வச்சிக்கிறவங்க பேஜாரு புடிச்சவங்க சார்" என்பார்.

காலனிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேக்கைத் தின்பார்கள், பூவைத் தின்ன மாட்டார்கள். கண்ணாடி அலமாரியில், கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிடுவார்கள். இன்னொரு வழக்கம், பூ வைத்தவர் விருந்தாளிகள் வருவதற்குள் பின்வாசல் வழியாகப் போய்விட வேண்டும். யாரும் விரட்டவில்லை. அப்படித்தான் என்று இருந்தது.

ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்தபடி கேட்டார். "கேக்கை வெட்றத நீங்க பாத்துருக்கீங்களா சார்?"

"இல்லையே."

"நானும் பாத்ததில்ல. இத்தினி வருசமா வைக்கிறேன், ஒண்ணுகூட பாத்ததில்ல. கத்தி மேல ரெண்டு பேர் கையும் இருக்குமாம். மேல் அடுக்கு சாஞ்சுடுமோ, பூ வுயுந்துடுமோன்னு ரயில்ல போய் சேர்ற வரிக்கும் நெஞ்சு அடிச்சிக்கும்." காலி டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "எஸ்தர் கல்யாணத்துக்கு ஒண்ணு பண்ணுவேன் சார். பூவ வச்சிட்டு, அங்கியே நின்னு, வெட்றத பாப்பேன்."

பிறகு எனக்கு ரெவின்யூவில் நிரந்தர வேலை கிடைத்தது. யுத்தம் வந்தது, சர்க்கரைக்கு ரேஷன் அட்டை வந்தது. என்னைத் திண்டிவனத்தில் சர்க்கரை பெர்மிட் மனுக்களைப் பரிசீலிக்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலிக்கு என்னைவிடப் பொருத்தமானவன் கிடைத்திருக்க மாட்டான். அதுதான் கஷ்டம்.

எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவருடைய அப்பா அம்மா கூட்டேரிப்பட்டுப் பக்கம் மல்லாட்டைக் கொல்லைகளில், அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளில், கூலி வேலை செய்தவர்கள். ஞானம்மா ஆபீசுக்கு வந்தார். மனுவை நானே எழுதினேன், அழகான கையெழுத்தில். 'எதற்காக' என்ற கலத்தில் எல்லோரும் 'பாயசம்' என்று எழுதுவார்கள். பாயசமே வைக்காதவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். நான் எழுதினேன்: 'கேக்கின் மேல் வைக்கும் பூக்கள் செய்ய.' உண்மை அதுதானே. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மறுநாள் அதிகாரி கூப்பிட்டார். "என்னய்யா இது, பூ பண்ணச் சர்க்கரையா? பூ வேணும்னா கடைத்தெருவுல மல்லி வாங்கிக்கச் சொல்லு."

"அந்தப் பூ இல்ல சார்..."

"பாயசம்னு எழுதறதுக்கென்ன உனக்கு?"

"அவங்க பாயசம் பண்ணலியே சார்."

"பண்றாங்களான்னு நான் போய் எட்டிப் பாக்கப் போறேனா? எழுதினப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

'அலங்காரத்துக்குச் சர்க்கரை இல்லை' என்று எழுதி நிராகரித்தார். ஒரே கல்யாணத்துக்கு இரண்டாவது மனு வாங்கக்கூடாது. அதுவும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஞானம்மாவிடம் நானே சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க" என்றார். என்ன பண்ணினேன் என்பதைத்தான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டு அட்டைச் சர்க்கரையைக் கொடுத்திருக்கலாம். அடுத்தவருக்குக் கொடுப்பது குற்றம். கொடுக்கவில்லை.

தாயும் மகளும் இரண்டு மாதம் வெறும் கடுங்காப்பி குடித்துத் தங்கள் அட்டைச் சர்க்கரையைச் சேர்த்தார்கள். எல்லாமாகச் சேர்ந்தது ஒரு டம்ளர். ரோஜா பண்ணினால் நாலைந்துக்கு மேல் வராது. கேக்கை வெல்லத்தில் செய்துவிட்டார், பழுப்பாக, மேல்பூச்சு இல்லாமல், ஒரே அடுக்காக. யுத்தத்தால் கடையில் நல்ல பிசின் இல்லை. ஏரிக்கரைக் கருவேல மரத்துப் பிசினை எடுத்து வந்து ஊறப்போட்டார்.

கல்யாணத்துக்கு நான் போனேன். மிஷன் பள்ளிக்கூட அறையில் வாத்தியார் மேசைமேல் கேக் இருந்தது. ஞானம்மா டப்பாவிலிருந்து கடைசிப் பூக்களை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். விரல் நகம் அளவு, மஞ்சளாக, நூறுக்குமேல் இருக்கும். என்ன பூ என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"அய்ய, இது மல்லாட்டப் பூ இல்ல? பாருடி, செவப்பா கோடுகூட கீது!"

கூலிக்கார ஜனம் மொத்தமும் மேசையைச் சுற்றிக்கொண்டது. களை வெட்டும்போது குனிந்த தலைக்கு நேரே தெரிகிற பூ அது. யாரும் பறித்துச் சூடிய பூ இல்லை. ஒரு கிழவர், "இத்த நானு நெதம் மிதிச்சிக்கினு போறேன், இத்தப் போயி கேக்குல வச்சிக்கீது பாரு" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு ரோஜாவுக்கு ஆகிற சர்க்கரையில் இருபத்தைந்து மல்லாட்டைப் பூ ஆகும் என்பதை ஞானம்மா யாரிடமும் சொல்லவில்லை.

கடைசிப் பூவை வைத்தார். தள்ளி நின்று ஒருமுறை பார்த்தார். காலி டப்பாவையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டார். கூட்டத்தை விலக்கி, பின்வாசல் வழியாக வெளியே போனார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பூ வைத்தாயிற்று, போகிறார், முறை அதுதானே என்றிருந்தது எனக்கு. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். என் மூளையில் எல்லாம் அதனதன் கலத்தில் சரியாக இருந்தது.

போதகருக்கு மயிலம் போக வேண்டிய அவசரம். சுருக்கமாக ஜெபம் செய்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் கத்தியைப் பிடித்தார்கள். முக்காட்டுக்குள் தலைகுனிந்திருந்த எஸ்தருக்கு எதிரே யார் நிற்கிறார்கள் என்பது தெரிந்திருக்காது. கத்தி இறங்கியது. கை தட்டினார்கள்.

தட்டல் கேட்டு ஞானம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார். பின்வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஆயிடுச்சா?"

எஸ்தர் நிமிர்ந்தாள். "நீ எதிர்லதான் நிக்கிறேன்னு இருந்தேம்மா. எங்க போன?"

"நான் போவலடி. காலு அதுவா போய்டுச்சி."

எஸ்தர் கேக்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய், பூவோடு அம்மாவின் வாயில் வைத்தாள். ஞானம்மா மென்றார். நெடுநேரம் மென்றார். "பிசின் கொஞ்சம் தூக்கலு" என்றார். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். கால் மணி நேரத்தில் ஒரு பூ மிச்சமில்லை. கிழவர் தன் பங்குப் பூவை மட்டும் வேட்டி முடிச்சில் வைத்துக்கொண்டார். அதுவும் எறும்புக்குத்தான் போயிருக்கும்.

சுதந்திரம் வந்த பிறகு காலனிக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறினார்கள். அலமாரிகளை ஏலம் விட்டபோது உள்ளே இருந்த பூக்களைத் தட்டிக் கொட்டிவிட்டுக் கொடுத்தார்கள் என்று கேள்வி. மிஷன் பங்களாவில் துரைசானிகள் போய் வேறு ஆட்கள் வந்தார்கள். அந்தப் பள்ளிக்கூட அறையை இடித்து மாடிக் கட்டிடம் கட்டிவிட்டார்கள். சர்க்கரை தாராளமாகக் கிடைத்தபோது ஞானம்மாவுக்கு விரல்கள் மடங்கவில்லை, வாதம். அவருக்கு வேறு பெண்ணும் இல்லை. அதற்குப் பிறகும் சில வருஷம் திண்டிவனம் கடைத்தெருவில் அடிக்கடி பார்ப்பேன். நின்று பேசுவோம். மழையைப் பற்றி, எஸ்தரின் குழந்தையைப் பற்றி. "அன்னிக்கு வேலை பண்ற மயக்கத்துல தெரியல சார், யாரும் கவனிக்கல, கவனிச்சிருந்தா கூப்ட்டிருப்பாங்க" என்று ஒரே ஒரு முறை சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

அவர் போனதை நான் பார்த்தேன் என்று சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்றால் ஞானம்மா இல்லை, எஸ்தரும் இல்லை. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம்.