இராஜாங்கம் செய்யாத சத்தியம்

டிராக்டர் கடைசிச் சுற்றை முடிக்கிறது. சேற்றுழவுக்கு மாட்டிய இரும்புக் கேஜ் வீலில் அப்பிய சேற்றைக் குச்சியால் தட்டிவிட்டு டிரைவர் இராஜாங்கம் வரப்பில் ஏறுகிறார். வயல்காரர் வழக்கப்படி குவார்ட்டர் பாட்டிலை நீட்டுகிறார். "அது வேணாங்க. ரெண்டு வடை இருந்தா குடுங்க." தின்ற பிறகுதான் பேச்சு.

வடைக்குக் காரணம் உண்டு. வியாழன்தோறும் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் குடியை விட்டவர்கள் கூடுகிறார்கள்; இராஜாங்கமும் அதில் ஒருவர். பசி, கோபம், தனிமை, அசதி, இதில் ஒன்று வந்தாலும் குடிக்கத் தோன்றும், வண்டியை நிறுத்து என்பது அங்கே பாடம். "மத்த மூணுக்கு மருந்து தெரியல. பசிக்கு வடை இருக்கு" என்பார்.

மறுபடி குடித்துவிட்டால் அங்கே அதற்குச் சறுக்கல் என்று பெயர். "வழுக்குனவன் எந்திரிச்சு வந்து சொன்னாப் போதும். யாரும் சிரிக்க மாட்டாங்க." புதியவருக்குத் துணையாக ஒரு பழைய ஆள் உண்டு, அவர் ஸ்பான்சர். துபாயில் ஸ்பான்சர் முதலாளியிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுத் தவித்துத் திரும்பிய துரைராசு, கூட்டத்துக்குப் புதிது, மிரண்டுபோய், "பாஸ்போர்ட்டக் குடுக்கணுமாண்ணே?" என்றான்.

"நீயே வச்சுக்க. கை நடுங்குனா போன் அடி" என்றார் அவன் ஸ்பான்சரான இராஜாங்கம்.

நான்கு வருடமாக அவர் தொடவில்லை. எத்தனை நாளாச்சு என்று கேட்டால், "இன்னைக்குக் குடிக்கல" என்பதே பதில்.

சென்ற ஞாயிறு மகள் செம்மொழியைப் பெண் கேட்டுப் பூதலூரிலிருந்து வந்தார்கள். அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. எல்லாம் பேசி முடித்தபின் பையனின் அப்பா ரெத்தினம் தட்டில் கற்பூரம் ஏற்றினார்.

"இனிமே தொட மாட்டேன்னு அணைச்சு ஒரு சத்தியம் பண்ணிடுங்க. தேதி குறிச்சிடலாம்."

இராஜாங்கம் கையைக் கட்டிக்கொண்டார். "இன்னைக்குத் தொட மாட்டேங்க. அதுக்கு வேணா அணைக்கிறேன்."

"நாளைக்கு?"

"அத இன்னைக்கே எப்படிங்க சொல்றது?"

மனைவி அம்சம் பல்லைக் கடித்தாள். "ஆயுசுக்கும்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"ஆயுசுக்கும்னு உன் தலையில அடிச்சு ஆறு தடவ சொன்னேன். ஒண்ணாவது ஒரு வாரம் நின்னுச்சா?"

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. "யோசிச்சுச் சொல்றோம்" என்று ரெத்தினம் எழுந்தார். உள்ளே செம்மொழி புடவை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இராஜாங்கம் பூதலூர் போனார். ரெத்தினம் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். "நேத்து குடிக்கலைங்க. இன்னைக்கும் குடிக்க மாட்டேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." ரெத்தினம் வாய் கொப்பளித்தார். உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி எடுத்துவந்தார்.